தாப்பா மலைச்சாலையும் ஒரு சாண் இருக்கையும்

கேமரன் மலைக்குச் சைக்கிளில் ஏறி வந்தவர்களிடம் "எது வலித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கால் என்று சொல்கிறவர்கள் குறைவு. மூச்சு வாங்கியது என்பார்கள் சிலர். அது முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரோடு சரி. மற்றவர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டு, சிரித்து, பிறகு உண்மையைச் சொல்லிவிடுவார்கள்: வலித்தது உட்கார்ந்த இடம்! ரிங்லெட் தேநீர்க் கடையில் நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே தேநீர் குடிக்கிறவர் இருந்தால், அவர் தாப்பாவிலிருந்து மிதித்து வந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இதற்குக் குற்றவாளி யார்? இருக்கை என்று எல்லாரும் அதைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் பாதிக் குற்றம் அந்தச் சாலையுடையது. அது போடப்பட்ட கதை தெரிந்தால்தான் இது விளங்கும்.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதிவைத்தார். அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் போய்ப் பார்த்து, இது மலைவாசத் தலத்துக்கு ஏற்ற இடம் என்று சொன்ன பிறகுதான் வேலை சூடுபிடித்தது. 1926-இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கினார்கள். மழை, மண்சரிவு, மலேரியா என்று எல்லாவற்றையும் தாண்டி 1931-இல் சாலை முடிந்தது. அது முடிவதற்கு முன்பே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபர் இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஹாபுவில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். 1933-இல் பாரத் தேயிலையும் வந்தது. ஆக, மேலே போக வேண்டியவை இயந்திரங்களும் அரிசி மூட்டைகளும். கீழே வர வேண்டியவை தேயிலைப் பெட்டிகள். அந்தக் காலத்து லாரி திணறாமல் ஏற வேண்டுமானால் சாலை செங்குத்தாக இருக்கக் கூடாது. எனவே பொறியாளர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, வளைவுக்கு மேல் வளைவாகச் சாலையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தானா ராத்தாவின் உயரம் சுமார் 1,440 மீட்டர். அதாவது நூறு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர்தான் ஏற்றம். சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் இதை "மேடு" என்று கூடச் சொல்ல மாட்டார்கள். சங்கடமே இங்கேதான். மேடு கடுமையாக இருந்தால் ஓட்டுகிறவர் இருக்கையை விட்டு எழுந்து, பெடல் மேல் நின்று மிதிப்பார். இருக்கைக்கும் ஓய்வு, உடம்புக்கும் ஓய்வு. சுங்கை பாலாஸ் பக்கமாகப் போய், 2,031 மீட்டர் உயர பிரிஞ்சாங் சிகரத்தின் ஒளிபரப்புக் கோபுரம் வரை ஏறும் குறுகலான சாலையில் எல்லாரும் அப்படித்தான் எழுந்து மிதிக்கிறார்கள். தாப்பா சாலையில் எழுந்து நிற்கக் காரணமே கிடைப்பதில்லை. மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் நான்கு ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்துகொண்டே ஏற வேண்டும். லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்கி முகம் கழுவும் ஐந்து நிமிடம்தான் விடுதலை.

லாரிக்காகப் போட்ட சாலை மனிதனின் இருக்கையைச் சோதிக்கிறது. அந்த ஒரு சாண் இருக்கைக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

குதிரை செத்ததால் வந்த இருக்கை

சைக்கிளின் மூதாதை 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் உருண்டது. செய்தவர் காரல் வான் திரைஸ். மரத்தால் ஆனது, பெடல் கிடையாது, காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். ஆனால் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். உட்கார மெத்தை வைத்ததோடு நிற்காமல், முன்பக்கத்தில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொள்ள மெத்தை தைத்த ஒரு பலகையையும் வைத்தார். உடம்பின் பாரம் முழுவதையும் ஒரே இடத்தில் இறக்கக் கூடாது, கையும் அதில் பங்கு வாங்க வேண்டும் என்பது அந்த மனிதருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. இன்றைக்குக் கடையில் ஆயிரம் வெள்ளிக்கு இருக்கை விற்கிறவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதே பாடம்தான்.

1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் வந்தன. மரச்சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் அதை ஓட்டிய ஆங்கிலேயர்கள் அதற்கு 'எலும்பு உலுக்கி' என்று பெயர் வைத்தார்கள். பெயரே போதும், விளக்கம் வேண்டாம்.

இந்தக் கட்டத்தில்தான் பர்மிங்ஹாம் நகரத்து ஜான் போல்ட்பீ புரூக்ஸ் வருகிறார். 1866 முதல் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். 1878-இல் அவருடைய குதிரை செத்துப்போனது. இன்னொரு குதிரை வாங்க வசதியில்லாமல், வேலைக்குப் போக ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார் என்பது அந்தக் கம்பெனியின் பரம்பரைக் கதை. இருக்கையோ மரக்கட்டை! சேணம் தைத்தவரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? நாலு ஆண்டு முயன்று, 1882-இல் தோல் இருக்கைக்குக் காப்புரிமை வாங்கினார்.

அவர் செய்ததில் ஒரு நுட்பம் உண்டு. மெத்தை எதுவும் வைக்கவில்லை. கெட்டியான ஒரு தோல் துண்டை முன்னே மூக்கிலும் பின்னே ஒரு இரும்புப் பட்டையிலும் ஆணி அடித்து, தூளித்துணி போல இழுத்துக் கட்டினார். அடியில் ஒன்றுமில்லை, காற்றுதான். உட்கார உட்கார, அந்தத் தோல் உட்காருகிறவரின் உடம்புக்கு ஏற்ப இரண்டு இடங்களில் மட்டும் குழியும். தளர்ந்தால் இறுக்க முன்பக்கம் ஒரு திருகு. 1890-களில் அந்தக் கம்பெனி வெளியிட்ட 'பி 17' என்ற இருக்கை இன்றும் தயாராகிறது. நூறாண்டுக்கும் மேலாக அடிப்படை மாறாமல் விற்கும் இருக்கை அது.

அந்த இரண்டு குழிகள் எங்கே விழுகின்றன என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு பலகையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பார்த்தால் இரண்டு எலும்பு முட்டுகள் தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. மனிதன் உட்காருவதற்கென்றே இயற்கை கொடுத்த இரண்டு கால்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பாரத்தைத் தாங்க வேண்டியவை அவைதான். அவற்றின் நடுவே இருக்கும் மென்தசையும் நரம்பும் இரத்தக்குழாயும் பாரம் தாங்கப் பிறந்தவை அல்ல. நல்ல இருக்கை என்றால் எலும்பைத் தாங்கி, நடுவை விட்டுவிடுவது. கெட்ட இருக்கை என்றால் அதற்கு நேர்மாறு.

இதனால்தான் கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து, பஞ்சுபோல் இருக்கிறதே என்று வாங்குகிற மெத்தை இருக்கை ஒரு மணி நேரத்தில் துரோகம் செய்கிறது. எலும்பு இரண்டும் மெத்தைக்குள் அமிழ்ந்துபோகும். அமிழ்ந்த இடத்துப் பஞ்சு நடுவில் பிதுங்கும். பிதுங்கியது போய் அழுத்துவது எதை? அழுத்தக் கூடாததை! கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர அந்த இருக்கை சுகம்தான். தாப்பா சாலைக்கு அது ஆகாது.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' வண்டி வந்தது. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்ற, காலுக்கு நேர் மேலே சற்றுப் பின்தள்ளி இருக்கை. இன்றைய சைக்கிள் அதுதான். 1888-இல் டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்ததும் குலுக்கல் பாதி குறைந்தது. பெண்களும் ஓட்டத் தொடங்கினார்கள். உடனே கிளம்பினார்கள் மருத்துவர்களும் ஒழுக்கக் காவலர்களும்! பெண்கள் இந்த மூக்கு வைத்த இருக்கையில் உட்காரலாமா என்று 1890-களில் மேல்நாட்டுப் பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. மூக்கைக் குட்டையாக்கி, நடுவில் பள்ளம் விட்டு, இரண்டு எலும்புக்கும் தனித்தனி மெத்தை வைத்து 'சுகாதார இருக்கைகள்' விற்பனைக்கு வந்தன. வாதம் அபத்தமாக இருக்கலாம். அதனால் பிறந்த இருக்கை அபத்தமில்லை. அதே வடிவம் நூறாண்டு கழித்துத் திரும்பி வந்தது.

அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினையைப் பிடிவாதமாகத் தொடர்ந்தவர் ஒருவர் உண்டு. டென்மார்க்கிலிருந்து இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊருக்குக் குடியேறிய மிக்கேல் பெடர்சன். எந்த இருக்கையும் அவருக்கு ஒத்துவரவில்லை. கயிற்றால் தூளி மாதிரி ஓர் இருக்கை பின்னினார். அதை மாட்ட வழக்கமான சைக்கிளில் இடமில்லை. இடமில்லை என்றால் விட்டுவிடுவதா? இருக்கைக்காகவே புதிதாக ஒரு சைக்கிளை வடிவமைத்து, 1893-இல் காப்புரிமை பெற்றார். வண்டிக்கு இருக்கை தேடாமல், இருக்கைக்கு வண்டி செய்தவர் இவர்தான். அவருக்குக் கடைசியில் பணம் தங்கவில்லை; 1929-இல் டென்மார்க்கில் வறுமையில் இறந்தார். அவருடைய வடிவத்தில் இன்றும் ஐரோப்பாவில் வண்டி செய்கிறார்கள்.

ரப்பர்க் காட்டுச் சைக்கிள்

மலாயாவுக்கு வந்த சைக்கிள் வேறு ரகம். நாட்டிங்ஹாமின் ராலே, பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று கறுப்பு நிறத்தில், 28 அங்குலச் சக்கரத்தில், கம்பி பிரேக்கோடு வந்த கனத்த வண்டிகள். தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கங்காணியும் கிராணியும் ஆஸ்பத்திரி டிரெசரும் முதலில் வாங்கினார்கள். பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்துப் பால்மரத் தொழிலாளியும் வாங்கினார். தபால்காரரும் ரொட்டி வியாபாரியும் அதில்தான் வந்தார்கள். அதற்கு லைசன்ஸ் எடுத்துத் தகடு மாட்ட வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். ஒரு குடும்பத்தின் சொத்து அது.

அந்த வண்டிகளின் இருக்கையை நினைத்துப் பாருங்கள். அகலமான தோல், அடியில் தடித்த ஸ்பிரிங். ஓட்டுகிறவர் முதுகை நிமிர்த்தி, ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். கைப்பிடி மார்புக்கு அருகில் வளைந்து வரும். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரம் அத்தனையும் பின்னால்தான் விழும். எலும்பு இரண்டும் அகலமாக ஊன்றும். ஒவ்வொரு குழியின் அடியும் நேராக முதுகுத்தண்டில் ஏறும். எனவே அகலமும் ஸ்பிரிங்கும் அங்கே ஆடம்பரமல்ல, தேவை. செம்மண் பாதையில், பின்னால் கேரியரில் மூட்டை, முன்னால் பாரில் பிள்ளை என்று ஓட்டுகிறவருக்கு அதுவே சரியான இருக்கை. குனிந்து ஓட்டும் பந்தயக்காரரின் மெல்லிய இருக்கையை அவருக்குக் கொடுத்தால் இரண்டாம் நாளே கழற்றி வீசியிருப்பார்.

ஆனால் அது ரப்பர்க் காட்டுச் சமவெளியின் கதை. தேயிலை மலையில் சைக்கிளுக்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதுகில் கூடையோடு சரிவுகளில் நடந்தே வாழ்ந்த மக்களின் மலை அது. கொழுந்து பறித்த அந்தத் தமிழ்க் குடும்பங்களின் கால்கள் அறிந்த ஏற்றத்தை எந்தச் சைக்கிளும் அறியாது. இன்று கொழுந்தை இயந்திரம் வெட்டுகிறது. இயந்திரத்தைப் பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். பழைய நடைபாதைகளில்தான் இப்போது வார இறுதியில் சைக்கிள்கள் ஏறுகின்றன. காலம் செய்யும் வேடிக்கை இது.

இந்த மலையடிவாரம் சைக்கிளை மறக்க முடியாத காலம் ஒன்றும் உண்டு. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கினார்கள். 55 நாளில் ஜொகூர் பாருவைத் தொட்டார்கள். ஜப்பானியப் படையின் திட்டமிடல் அதிகாரிகளுள் ஒருவரான மசானோபு சுஜி எழுதிய கணக்குப்படி, ஒரு டிவிஷனுக்கு 500 மோட்டார் வாகனங்களும் 6,000 சைக்கிள்களும் இருந்தன. பாலத்தை உடைத்தால் லாரி நின்றுவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிடலாம். போருக்கு முன்பே ஜப்பான் சைக்கிள்கள் மலாயாவில் விற்றுக்கொண்டிருந்ததால் உதிரிப் பொருளுக்கும் பஞ்சமில்லை. வெயிலில் டயர் வெடித்தால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள். தார்ச்சாலையில் இரவில் நூற்றுக்கணக்கான வளையங்கள் உருளும் சத்தத்தைக் கேட்டு, டாங்கிகள் வருகின்றன என்று எதிர்த்தரப்பு நினைத்ததாகச் சொல்வார்கள். டிசம்பர் 30 முதல் நாலு நாள் கம்பாரில் கடும் சண்டை; ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் பேரழிவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது தாப்பா.

காற்றில்லாத வளையத்தில், முதுகில் சுமையோடு, நாள் கணக்கில் ஓட்டிய அந்தச் சிப்பாய்களின் உட்காரும் இடம் என்ன பாடுபட்டிருக்கும்! 'எலும்பு உலுக்கி'யின் காலத்துக்கே போய்விட்டார்கள். உத்தரவு மேலிருந்து வரும்போது இருக்கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவதுதான் வீரம் என்று இன்றும் சில சைக்கிள் நண்பர்கள் பேசுகிறார்கள். அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

பாரில் உட்கார்ந்த பிள்ளை

இருக்கை யாருக்காகச் செய்யப்படுகிறது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு விடை கிடைத்தது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல்லுடைக்கும் பெண்கள், வயலில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதியதில் ஒரு செய்தி குறிக்கத்தக்கது: சில பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள், காரணம் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் அந்த பார், அதில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்!

வடிவமைப்பாளர் ஒன்றை நினைக்கிறார், வாழ்க்கை வேறொன்றைக் கேட்கிறது. ஆனால் இருக்கை விஷயத்தில் அந்தப் பெண்கள் நஷ்டப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். பெண்களின் உட்காரும் எலும்புகள் பொதுவாக ஆண்களைவிடச் சற்று விலகி இருக்கின்றன. ஆணின் அளவுக்குச் செய்த இருக்கையில் எலும்பு விளிம்புக்கு வெளியே போய்விட, பாரம் நடுவில் விழுகிறது. சேலையைச் செருகிக்கொண்டு, குடத்தோடும் பிள்ளையோடும் அவர்கள் ஓட்டியது அந்த இருக்கையில்தான். கணவர் வாங்கிய சைக்கிளில் அவருடைய இருக்கையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒத்துவரவில்லை" என்று இரண்டே வாரத்தில் சைக்கிளை விட்டுவிடும் பெண்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஒத்துவராதது சைக்கிள் அல்ல, நாலு விரற்கடை இருக்கை.

பந்தயக்காரரைப் பார்த்துக் குனிந்தவர்கள்

1996-இல் லங்காவி சைக்கிளோட்டம் தொடங்கியது. உலகத் தரத்துப் பந்தயக்காரர்கள் நம் சாலைகளில் பறந்தார்கள். சில ஆண்டுகளில் பந்தயம் கேமரன் மலைக்கும் ஏறியது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஆசை வந்தது. தாத்தாவின் ராலே துருப்பிடித்துக் கிடக்க, பேரன் கார்பன் சட்டம் போட்ட சைக்கிள் வாங்கினான். கைப்பிடி இருக்கையைவிடத் தாழ்ந்திருந்தது. இருக்கை கத்திபோல் மெலிந்திருந்தது. பந்தயக்காரரைப் போலவே குனிந்தான்.

குனியும்போது என்ன ஆகிறது? இடுப்பெலும்பு முன்னால் உருளுகிறது. பாரம் பின்னால் இருக்கும் இரண்டு எலும்பு முட்டுகளை விட்டு முன்பக்கம் நகர்கிறது. பந்தயக்காரருக்கு அது பெரிய தொல்லையில்லை. அவர் மிதிக்கும் வேகத்தில் உடம்பின் பாதிப் பாரத்தைக் காலே தாங்கிக்கொள்கிறது. அடிக்கடி எழுந்து நிற்கிறார். வயிறும் முதுகும் பல ஆண்டுப் பயிற்சியால் இறுகியிருக்கின்றன. நமது அலுவலக நண்பருக்கு? கால் மெதுவாக மிதிக்கிறது, பாரம் முழுவதும் இருக்கையின் மூக்கில். ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகிறது.

மரத்துப்போவதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. நரம்பும் இரத்தக்குழாயும் நசுங்குவதன் அறிகுறி அது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவர்கள் இதை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியபோது சைக்கிள் உலகமே அதிர்ந்தது. பிறகு அந்நாட்டின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. 90 பேருக்கு மூக்கே இல்லாத இருக்கையைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் செய்தார்கள். முன்பு மரத்துப்போவதே இல்லை என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 27 பேர். ஆறு மாதம் கழித்து 82 பேர். 2008-இல் அந்த முடிவுகள் வெளியாயின. வேலைக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மூக்கில்லாத இருக்கை நல்லது என்று 2009-இல் அந்த நிறுவனம் பரிந்துரைத்தது. இன்று கடைகளில் நடுவில் பிளவு விட்டு, மூக்கைக் குட்டையாக்கி விற்பவை, 1890-களின் 'சுகாதார இருக்கை'யின் பேரப்பிள்ளைகள்தாம்.

எந்த இருக்கை நல்லது என்று கேட்பதற்கு முன், எப்படி உட்காரப் போகிறோம் என்று கேட்க வேண்டும். நிமிர்ந்தவனுக்கு அகலம், குனிந்தவனுக்குக் குறுகல். இருக்கையை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும். மூன்று இருக்கை வாங்கியும் வலி தீராதவர், ஒருமுறை கைப்பிடியை இரண்டு அங்குலம் உயர்த்திப் பார்த்திருக்கலாம். அதற்குச் செலவு இல்லை.

எலும்பின் அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். பால் டின் வரும் அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டிப் படிக்கட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து முழங்காலைச் சற்று உயர்த்தினால் அட்டையில் இரண்டு பள்ளம் விழும். பள்ளத்துக்குப் பள்ளம் பெரும்பாலோருக்குப் பத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும். இருக்கையின் பின்பகுதி அதைவிட இரண்டு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு இன்னும் கூடுதலாக.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. 1967-இல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள், உள்கால் நீளத்தின் 109 விழுக்காடு உயரத்தில் இருக்கை இருந்தால் மிதிப்பதற்குச் சுலபம் என்றார்கள். இது, கீழே இறங்கிய பெடலிலிருந்து இருக்கையின் மேல்மட்டம் வரை உள்ள அளவு. பிரான்ஸ் நாட்டுப் பயிற்சியாளர் கிமார் வேறு கணக்கு வைத்திருந்தார்: உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கி, பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். உள்கால் 76 சென்டிமீட்டர் உள்ளவருக்கு 67 சென்டிமீட்டர் வரும். இரண்டும் தொடக்கப் புள்ளிகளே, வேத வாக்கல்ல. பழைய சைக்கிள் கடைக்காரர் குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, முழங்கால் நேராகிறதா என்று பார்த்துத் திருகை இறுக்குவாரே, அதுவும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கொண்டுவிடும். உயரம் அதிகமானால் இடுப்பு இருபக்கமும் ஆடும்; ஆடினால் தோல் உரசும்; உரசினால் புண். உயரம் குறைந்தால் முழங்காலின் முன்பக்கம் வலி சொல்லும், அதோடு காலால் தாங்க வேண்டிய பாரமும் இருக்கையில் விழும்.

மலைக்கு வருகிறவர்கள் மறந்துவிடுவது சாய்மானத்தை. சமதரையில் மட்டமாக வைத்த இருக்கை ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். நூற்றுக்குப் பத்து மீட்டர் ஏறும் மேட்டில் அது ஏறக்குறைய ஆறு டிகிரி. ஓட்டுகிறவர் பின்னால் சறுக்குவார், தன்னை முன்னால் இழுத்துப் பிடிப்பார், இடுப்பு பிடித்துக்கொள்ளும். 1999-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், முதுகுவலி உள்ள சைக்கிள் சங்கத்தாருக்கு இருக்கையின் மூக்கைப் பத்து முதல் பதினைந்து டிகிரி தாழ்த்தினார்கள். எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு வலி குறைந்தது. கேமரன் மலைக்கு வருகிறவர் அந்த அளவுக்குத் தாழ்த்த வேண்டியதில்லை. தாழ்த்தினால் இறக்கத்தில் கைமேல் சரிந்துவிடுவார். தாப்பா சாலைக்கு இரண்டு மூன்று டிகிரி போதும். பார்வைக்குத் தெரிவதே அரிது, உடம்புக்குத் தெரியும்.

இறங்கும்போது வேறு கதை. அறுபது கிலோமீட்டர் வளைவுகளில் பிரேக்கைப் பிடித்த விரல்கள் மரத்துவிடும். இரண்டு பெடலையும் சமமாக நிறுத்தி, இருக்கையை விட்டு ஒரு விரற்கடை எழுந்து, முழங்காலை ஸ்பிரிங்காக்கிக்கொண்டு இறங்குவது பழக்கப்பட்டவர்களின் வழி. புரூக்ஸின் இரும்பு ஸ்பிரிங் செய்த வேலையைக் கால் செய்கிறது.

மழையை விட்டுவிடக் கூடாது. மலையில் பிற்பகல் மழை வாடிக்கை. தோல் இருக்கை நனைந்தபடியே அதில் உட்கார்ந்து ஓட்டினால் அது தளர்ந்து தொங்கிவிடும். பிறகு எந்தத் திருகும் உதவாது. பழைய ஆட்கள் சைக்கிளை நிறுத்தியதும் இருக்கைக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியது சும்மா அல்ல. புதுத் தோல் இருக்கையை மாட்டிக்கொண்டு நேரே தாப்பாவுக்கு வந்துவிடவும் கூடாது. அது உடம்புக்குப் பணிய சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் வேண்டும். அதைச் சமதரையில், காலைக் குளிரில், சிறுகச் சிறுகச் செய்துவிட வேண்டும்.

ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் அன்றே சீட் பைப்பில் கறுப்பு டேப்பால் ஓர் அடையாளம் சுற்றிவைப்பது நல்லது. வேனில் சைக்கிளை ஏற்ற இருக்கையை இறக்கியவர்கள், தாப்பாவில் விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் பழைய உயரத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.